பழைய கணினிகளை லொறியில் ஏற்றுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாடசாலைகளில் கிடக்கும் பழைய கணினிகளை அகற்றிவிட்டுப் புதியவை வழங்க வேண்டும் என்று அண்மையில் வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். புதிய கணினி வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் பழையவற்றை லொறியில் ஏற்றுமுன், எங்கள் கணினிக்கூடத்தில் கடந்த சில மாதங்களாக நடந்ததைச் சொல்ல இடம் தாருங்கள்.

நான் தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். எங்களிடம் பதின்மூன்று கணினிகள். ஒன்பது, ஒரு ஜிகாபைட் நினைவகம் மட்டுமே கொண்ட, 32 பிட் என்ற பழைய ரகப் பெட்டிகள். மீதி நான்கு பிற்பாடு வந்தவை. அவற்றில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. பார்க்க வந்த விற்பனையாளர் ஒருவர் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பதின்மூன்றும் பழைய இரும்புக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்கில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, அதாவது விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, நிறுவினேன். ஒரு பிற்பகலில் முடிந்த வேலை. ஒன்பதுதான் சிக்கல். பழைய கணினிகளுக்குப் புகலிடமாக இருந்த டெபியன் என்ற லினக்ஸ் வகைகூட, 2025 ஆகஸ்டில் வந்த 13 ஆம் பதிப்போடு 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வழியை மூடிவிட்டது. தேடித் தேடி நெட்பிஎஸ்டிக்கு வந்து சேர்ந்தேன். 1993 முதல் பல நாடுகளின் தன்னார்வலர்கள் பேணிவரும் திறந்த மூல இயங்குதளம் அது. 2024 மார்ச்சில் வெளியான அதன் 10.0 பதிப்பு எங்கள் ஒன்பது பெட்டிகளிலும் ஓடுகிறது. அதை எழுதியவர்கள் எழுதிய வடிவிலேயே, அதாவது மூலநிரல் முழுவதையும், யாரும் இறக்கலாம், வாசிக்கலாம், மாற்றலாம், தாமே கட்டிக்கொள்ளலாம். மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றுவதைப் பாடநூல் தொகுத்தல் என்கிறது; எங்கள் வகுப்பில் கட்டுவது என்கிறோம்.

மூலநிரல் என்றால் என்ன என்று மாணவர் கேட்கும்போது நான் ஒரு காகித உறையைக் காட்டுவேன். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். கொழுந்து அரைக்கும் ரோலரின் மேசையில் பித்தளைப் பட்டைகள் பதித்திருக்கும். அவை தேய்ந்துபோனால் அப்பா அந்த உறையிலிருந்து இயந்திரத்தின் வரைபடத்தை எடுத்து விரிப்பார். மடிப்புகளில் கிழிந்து, எண்ணெய் ஊறி, ஓரத்தில் அவருடைய பென்சில் கணக்குகளோடு இருக்கும் அந்தத் தாள். அளவை விரலால் தொட்டுப் பார்த்து, பட்டையை வெட்டி, அரத்தால் ராவிப் பொருத்துவார். செய்த கம்பனி கடல் கடந்து இருந்தது. ஆனால் வரைபடம் அவர் கையில் இருந்தது. பழுதுபார்க்க யாரிடமும் அவர் கைகட்டி நின்றதில்லை. மூலநிரலும் அப்படியொரு வரைபடம்தான்.

நெட்பிஎஸ்டியின் மூலநிரல் ஐந்து பொதிகளாக வருகிறது. இரவு நேர டேட்டாவில் மூன்று இரவுகள் விழித்திருந்து இறக்கினேன். விரித்ததும் முதல் படியிலேயே ‘பில்டிங்’, ‘அப்டேட்டிங்’ என்று இரண்டு கோப்புகள் இருக்கும். முதலாவது, எப்படிக் கட்டுவது என்று சொல்கிறது. இரண்டாவது, அண்மையில் என்ன மாறியது, அதனால் எங்கே இடறும் என்று சொல்கிறது. வேறொருவர் இடறி விழுந்த இடத்தில் அடுத்தவர் விழக்கூடாது என்று எழுதிவைக்கிறார்களே, அந்தப் பொறுப்புணர்வை முதலில் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

ஒரு ஜிகாபைட் நினைவகத்தில் முழுத் தளத்தையும் கட்டுவது மாட்டு வண்டியில் ரம்பொடை மலை ஏறுவது போல. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ‘பில்ட் டொட் எஸ்எச்’ என்ற கட்டளைக் கோப்பு, தனக்கு வேண்டிய தொகுப்பியையும் கருவிகளையும் முதலில் தானே கட்டிக்கொள்கிறது. பிறகு அந்தக் கருவிகளால் இயங்குதளத்தைக் கட்டுகிறது. கட்டும் கணினியும் ஓட்டும் கணினியும் ஒரே இனமாக இருக்கத் தேவையில்லை. ஆகவே லினக்ஸ் ஓடும் நான்கில் ஒன்றில் கட்டி, ஒன்பதுக்கும் கொண்டுபோகிறோம். நிர்வாகியின் கடவுச்சொல்லும் வேண்டாம். சாதாரண மாணவர் கணக்கிலிருந்தே செய்யலாம்.

மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. முதல் தடவை மாலையில் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். விடிந்து வந்து பார்த்தால் இரவிலேயே மின்சாரம் போயிருந்தது. அவ்வளவும் வீண் என்று பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. கட்டளையோடு சிறிய ‘யூ’ என்ற எழுத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டச் சொன்னேன். அந்த எழுத்து இருந்தால், முன்பு கட்டியதைத் துடைக்காமல், மூலக்கோப்பின் நேரத்தையும் கட்டிய கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு விடுபட்டதை மட்டும் தொடரும். திரையில் வரிகள் ஓடத் தொடங்கியதும் வகுப்பில் எழுந்த சத்தத்தில் அதிபரே வந்து எட்டிப்பார்த்தார்.

இன்னொரு நாளை நான் மறக்க மாட்டேன். இயங்குதளத்தின் கருவில், அதாவது சாதனங்களை இயக்கும் அதன் மையப் பகுதியில், எந்தெந்தச் சாதனங்களுக்கான நிரல் இருக்க வேண்டும் என்பதை ‘ஜெனரிக்’ என்ற பட்டியல் சொல்கிறது. எங்களிடம் இல்லாத சாதனங்கள் அதில் ஏராளம். அதைப் பிரதி எடுத்து, வேண்டாதவற்றின் முன்னால் ஒரு குறியிட்டு அடைத்து, சிறிய கரு ஒன்றைக் கட்டும்படி உயர்தர மாணவி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் வன்தட்டுக்குரிய வரியையும் சேர்த்து அடைத்துவிட்டார். புதிய கரு எழுந்தது. தன் வன்தட்டைக் காணாமல் ‘ரூட் டிவைஸ்’, அதாவது தளம் இருக்கும் வட்டு, எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றது. கணினியைக் கெடுத்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளை அழும் நிலைக்கு வந்துவிட்டார். ஆனால் பழைய கருவை ‘ஓநெட்பிஎஸ்டி’ என்று பெயர் மாற்றி வைத்துவிட்டுத்தான் புதியதை இட வேண்டும் என்பது இந்தத் தளத்தின் வழக்கம். அவரும் அப்படியே செய்திருந்தார். மறுபடி இயக்கி அந்தப் பெயரைத் தட்டச்சிட்டதும் கணினி எழுந்தது. அன்று மாலைக்குள் அடைத்த வரியை அவரே தேடிக் கண்டுபிடித்தார். எங்கள் பாடசாலையில் தன் பிழையைத் தானே வேரோடு கண்டு திருத்திய முதல் கணினி மாணவி அவர்தான் என்று நினைக்கிறேன். முதலில் புதிய கரு, அதில் கணினி எழுந்த பிறகே மற்றப் புதிய நிரல்கள் என்ற வரிசையின் காரணத்தை இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பழைய நிரல் புதிய கருவில் ஓடும். புதிய நிரல் பழைய கருவில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, வேர்டும் எக்செலும் போதாதா என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது; இன்னும் தணியவில்லை. 2024 மார்ச் மாத இறுதியில் எக்ஸ்இஸெட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரலில், பிறர் கணினிக்குள் இரகசியமாக நுழைய யாரோ கள்ளவாசல் வைத்திருந்தது வெளிப்பட்டது. நெடுங்காலம் அந்த நிரலைத் தனியாளாகக் கவனித்துக் களைத்துப்போன ஒருவரின் நம்பிக்கையை மெல்லமெல்லப் பெற்று, பராமரிப்பில் பங்காளியாக உள்ளே வந்திருந்தார்கள். கள்ளவாசலைத் திறக்கும் வரி பொதுவில் இருந்த மூலநிரலில் இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் மட்டும் ஒளிந்திருந்தது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியியலாளர், தன் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, காரணத்தைத் துருவிக்கொண்டே போய்ப் பிடித்தார். உலகம் முழுக்கச் சேவையகங்கள் இப்படிப்பட்ட நிரல்கள்மேல் நிற்கின்றன. பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. வாசிக்கவும் கட்டவும் தெரிந்த பிள்ளை தலவாக்கலையில் இருந்தால் என்ன, ஹெல்சிங்கியில் இருந்தால் என்ன? 2004 சுனாமியின்போது, காணாமற்போனோரையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதியவர்கள் இந்த நாட்டின் தன்னார்வலர்களே. பின்னர் அது வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

உயர்தரப் பாடத்திட்டத்தில் இயங்குதளம் ஓர் அலகாகவே இருக்கிறது. பிள்ளைகள் படம் வரைகிறார்கள், வரைவிலக்கணத்தை மனனம் செய்கிறார்கள், புள்ளியும் எடுக்கிறார்கள். ஒன்றைத் திறந்து பார்க்கத்தான் வாய்ப்பில்லை. பாடசாலைக் கணினி கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ஆசிரியர்களும் தொடவிடுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் புத்தகத்தில் கையெழுத்திட்டவர்கள் அவர்கள்தானே.

எனவே வலயக் கல்வி அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இதுதான். பாவனைக்கு உதவாதவை என்று கணினிகளைப் பட்டியலிடும்போது, ஒவ்வொரு பாடசாலையிலும் இரண்டை மட்டும் எடுக்காமல் விடுங்கள். அவை மாணவர் பழகுவதற்கென ஒதுக்கப்பட்டவை, பழுதானால் ஆசிரியர் பொறுப்பல்ல என்று ஒரு கடிதத்தையும் அதிபரிடம் கொடுங்கள். பணம் கேட்கவில்லை.

பொதிகள் ஐந்தும் என்னிடம் பென்டிரைவில் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தில் எந்தத் தமிழ்ப் பாடசாலை அழைத்தாலும் சனிக்கிழமையில் வருகிறேன். அந்த மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; அவருடைய பெற்றோரிடமும் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.