உபயப் பட்டியல் திறக்கவில்லையா? சர்வரை மாற்றும் முன் குவெரிகளை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசம், பங்குனி உத்திரம், நவராத்திரி என்று திருவிழா நெருங்கும்போதெல்லாம் நம் ஆலயங்களின் இணையப் பக்கங்களைப் பற்றி ஒரே குறைதான் காதில் விழுகிறது. உபயப் பட்டியல் திறக்க மாட்டேன் என்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது என்பார்கள். உடனே நிர்வாகக் குழு கூடி, மாதக் கட்டணத்தில் இன்னும் கொஞ்சம் ரிங்கிட் கூட்டிக் கொடுத்துப் பெரிய சர்வருக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்கிறது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இப்பக்கங்களை எழுதித் தருபவர்களில் பலர் நம் பிள்ளைகள்தாம்; சேவையாகச் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் காணிக்கைப் பணம் தவறான இடத்துக்குப் போகிறது. இத்தகைய பக்கங்களில் கோளாறு பெரும்பாலும் சர்வரில் இருப்பதில்லை. ஒரு பதிவைக் காட்டும்போது அதோடு தொடர்புள்ள மற்றப் பதிவுகளை எப்போது, எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

உபயப் பட்டியலின் அமைப்பு எளியது. குடும்பங்களுக்கு ஓர் அட்டவணை, உபயங்களுக்கு ஒன்று, ரசீதுகளுக்கு ஒன்று, அபிஷேகம், அன்னதானம், ரத அலங்காரம் போன்ற உபய வகைகளுக்கு ஒன்று. ஒவ்வோர் உபயப் பதிவும் தன் குடும்பத்தின் எண்ணையும் வகையின் எண்ணையும் வைத்திருக்கும். ரசீதும் குடும்பத்தின் எண்ணை வைத்திருக்கும். இதைத்தான் ஃபாரின் கீ என்கிறோம். ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ் என இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்புகளில் எதில் எழுதினாலும், பக்கத்தின் வடிவத்தை எழுதும் டெம்ப்ளேட்டில் குடும்பத்தின் பெயரை எழுதி, ஒரு புள்ளியோ அம்புக்குறியோ போட்டு, உபயங்கள் என்று எழுதினால் போதும். அந்தக் குடும்பத்தின் உபயங்கள் வந்து நிற்கும். எழுதுபவருக்கு இது பெரிய வசதி. அந்த ஒரு புள்ளிக்குப் பின்னால் தரவுத்தளத்துக்கு ஒரு குவெரி, அதாவது தரவு கேட்கும் ஒரு கட்டளை, ஓடுகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 குடும்பங்கள், குடும்பத்துக்கு 2 உபயங்கள் என்று வையுங்கள். குடும்பங்களின் பட்டியலை எடுக்க 1 குவெரி. லூப்புக்குள், அதாவது குடும்பம் குடும்பமாகத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், ஒவ்வொரு குடும்பத்தின் உபயங்களுக்கும் ஒன்று, ஆக 400. ரசீதுகளுக்கு இன்னும் 400. ஒவ்வோர் உபயத்தின் வகைப் பெயரைக் காட்ட 800. மொத்தம் 1,601 குவெரிகள், ஒரே ஒரு பக்கத்துக்கு. ஒரு குவெரிக்கு 2 மில்லிசெகண்டு என்றாலும் தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பது மட்டுமே 3.2 வினாடி. சர்வரில் 4 வொர்க்கர்கள் (ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத் தயாரிப்பவை) ஓடினால் வினாடிக்கு ஒரு பக்கத்துக்குச் சற்று மேல்தான் கொடுக்க முடியும். திருவிழா வாரத்தில் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் கைப்பேசியில் திறந்தால் வரிசையில் பின்னால் நிற்பவருக்குப் பக்கம் வரவே வராது. தரவுத்தளம் வேறொரு கணினியில் இருந்து, குவெரிக்கு 5 மில்லிசெகண்டு ஆனால் 8 வினாடி. இந்த நிலையில் இரண்டு மடங்கு பெரிய சர்வர் வாங்கினாலும் 1,601 குவெரிகள் 1,601 ஆகவே இருக்கும். பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் ஒரு முறை மடைப்பள்ளிக்கு ஓடி ஒரு கரண்டி சாதம் எடுத்து வருவது போன்றது இது. மடைப்பள்ளியைப் பெரிதாகக் கட்டினால் பந்தி முடியாது.

எழுதும்போது இது தெரியாமல் போவதற்கும் காரணம் உண்டு. சோதனைக்கு ஐந்தாறு குடும்பங்களைத்தான் உள்ளிட்டிருப்பார்கள். அப்போது ஓடுவது இருபது சொச்சம் குவெரிகள். பக்கம் கண் இமைப்பதற்குள் வந்துவிடும்.

தீர்வு, டெம்ப்ளேட்டுக்குப் போகும் முன்பே எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவது. ஜாங்கோவில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உபயத்திலிருந்து அதன் வகைக்குப் போவது போல, எதிர்ப்பக்கம் ஒரே ஒரு பதிவு மட்டும் இருந்தால் செலக்ட்_ரிலேட்டட். அது ஜாயின் போட்டு, அதாவது இரண்டு அட்டவணைகளையும் இணைத்து, ஒரே குவெரியில் கொண்டுவரும். குடும்பத்திலிருந்து அதன் உபயங்களுக்குப் போவது போல, எதிர்ப்பக்கம் பல பதிவுகள் இருந்தால் பிரிஃபெட்ச்_ரிலேட்டட். அது தனியாக ஒரு குவெரி ஓட்டி, 400 குடும்பங்களின் உபயங்களையும் ஒன்றாக அள்ளி வந்து, அந்தந்தக் குடும்பத்தோடு நினைவகத்திலேயே சேர்த்துவிடும். லாராவெலில் வித், ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ். மேலே சொன்ன பக்கம் ஜாங்கோவில் குடும்பங்களுக்கு ஒன்று, வகையோடு சேர்த்து உபயங்களுக்கு ஒன்று, ரசீதுகளுக்கு ஒன்று என மூன்றே குவெரிகளில் முடிந்துவிடும். குடும்பங்கள் 4,000 ஆனாலும் மூன்றுதான். அதோடு ஒரு பக்கத்துக்கு 25 குடும்பங்கள் என்று பிரித்துக் காட்டினால் சாதாரண சர்வரே தாராளம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஃபாரின் கீ போட்டாலே அந்தப் பத்திக்கு (அட்டவணையின் நெடுவரிசைக்கு) விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் அமைந்துவிடாது. ஜாங்கோ தானே அமைத்துக் கொடுக்கும். அட்டவணையைக் கையால் எழுதினால் நாம்தான் சேர்க்க வேண்டும்.

முன்கூட்டியே எடுத்தும் பலன் இல்லாமல் போகிற இடங்கள் இரண்டு. ஒன்று, எடுத்து வைத்த ரசீதுகளின்மேல் ‘இந்த ஆண்டு மட்டும்’ என்று மறுபடி ஃபில்டரோ (வடிகட்டல்) ஆர்டர்_பையோ (வரிசைப்படுத்தல்) போடுவது. போட்ட நொடியே ஜாங்கோ கையில் இருப்பதை விட்டுவிட்டுப் புதுக் குவெரி ஓட்டும். வடிகட்டலைப் பிரிஃபெட்ச் கட்டளைக்குள்ளேயே எழுதி, டு_ஆட்டர் மூலம் தனிப் பெயர் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று லாராவெலில், இரண்டே இரண்டு அடைப்புக்குறிகள் செய்யும் வேலை. டெம்ப்ளேட்டில் உறவின் பெயரை வெறுமனே எழுதினால் ஏற்கெனவே எடுத்த பதிவுகள் வரும். பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டு எண்ணிக்கை கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் புதிதாக ஒரு குவெரி ஓடும். திரையில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ‘குடும்பத்துக்குக் கடைசி 3 ரசீதுகள்’ என்று வரம்பு போடுவதிலும் கவனம் தேவை. லாராவெலின் பழைய பதிப்புகளில் அந்த 3, எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து 3 என்றே ஆகிவிடும். குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரம்பு விழுவது பதிப்பு 11 முதல்தான். ஜாங்கோவில் 4.2 பதிப்பு முதல் முடியும்.

வேகத்தைவிட எனக்குப் பெரிய கவலை தருவது பணக் கூட்டுத்தொகை. ஒரு குடும்பம் 2 உபயங்கள் எடுத்திருக்கிறது. 101, 51, 51 ரிங்கிட்டுக்கு 3 ரசீதுகள் பெற்றிருக்கிறது. சரியான மொத்தம் 203 ரிங்கிட். குடும்பம், உபயம், ரசீது மூன்றையும் ஒரே குவெரியில் ஜாயின் போட்டால் ஒவ்வோர் உபயத்தோடும் ஒவ்வொரு ரசீதும் சேர்ந்து 6 வரிகள் வரும். அதன்மேல் கூட்டல் கட்டளையான சம் போட்டால் 406 ரிங்கிட் என்று காட்டும். உபயங்களின் எண்ணிக்கையும் 2-க்குப் பதில் 6 ஆகிவிடும். இணையத்தில் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் மருந்து, ஒரே மாதிரி மதிப்புகளை ஒரு முறை மட்டும் எடுக்கும் டிஸ்டின்க்ட் போடுவது. எண்ணிக்கைக்கு அது சரி. தொகைக்குப் போட்டால் ஒரே மாதிரியான இரண்டு 51-களில் ஒன்றை விழுங்கிவிட்டு 152 என்று காட்டும். நம் ஆலயங்களில் 51, 101, 501 என்று ஒரே தொகை திரும்பத் திரும்ப வருவது வழக்கம் ஆயிற்றே! அதனால் இந்தத் தவறு எங்கோ ஒரு வரியில் அல்ல, பட்டியல் முழுக்க நேரும். ஜாங்கோவில் ஒவ்வொரு தொகையையும் தனிச் சப்குவெரியாக (குவெரிக்குள் ஓடும் சிறு குவெரியாக) எழுத வேண்டும். லாராவெலின் வித்சம் அதைத் தானே அப்படித்தான் செய்கிறது. இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், முன்கூட்டி எடுத்த ரசீதுகளை நிரலிலேயே கூட்டி டெம்ப்ளேட்டுக்கு அனுப்புங்கள். எந்த வழியானாலும், கையால் கூட்டிப் பார்த்த பத்துக் குடும்பங்களோடு ஒப்பிடாமல் பணப் பக்கத்தை வெளியிடக் கூடாது. ஒருவர் கொடுத்த காணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ ஊரறியக் காட்டுவதைச் சின்னப் பிழை என்று என்னால் விட முடியாது.

எஸ்கியூஎல் எனும் தரவுத்தள மொழியைக் கையால் எழுதுபவர்கள் இன்னர் ஜாயின் போட்டால், இன்னும் ஒரு ரசீதும் பெறாத குடும்பங்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். லெஃப்ட் ஜாயின் போட்டால் நிற்கும்.

தொடர்புள்ள பதிவு இல்லாதபோது என்ன காட்டுவது என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். ஜாங்கோ டெம்ப்ளேட் இல்லாத ஒன்றைக் கேட்டால் பிழை சொல்லாது. வெற்றிடம் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். உறவின் பெயரை ஓர் எழுத்துப் பிசகாக எழுதினாலும் அப்படியே. லூப் சத்தமில்லாமல் சுழலாமல் நின்றுவிடும். எழுதியவரோ தரவுத்தளத்தில் ரசீதே இல்லை என்று நினைத்து அங்கே போய்த் தேடிக்கொண்டிருப்பார். லாராவெல் நேர்மாறு: காலியான உறவிலிருந்து பெயரைக் கேட்டால் பக்கம் முழுவதும் 500 என்ற சர்வர் பிழையோடு விழும். லாராவெல் எழுதப்படும் மொழியான பிஎச்பி 8-இல் அம்புக்குறிக்கு முன் ஒரு கேள்விக்குறி போட்டால் விழாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போட்டால் ஜாங்கோவின் வெற்றிடமே இங்கும் வந்து சேரும். ‘ரசீது இல்லை’ என்று எழுத்தில் காட்டுவதே நல்லது. ஜாங்கோவின் ஃபார் லூப்பில் இதற்கென்றே எம்ட்டி பகுதி இருக்கிறது, லாராவெலில் ஃபார்எல்ஸ்.

அழிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிர்வாகத்தில் புதிதாக வந்தவர் ‘ரத அலங்காரம்’ என்ற வகை இரண்டு முறை இருக்கிறதே என்று ஒன்றை அழிக்கிறார். ஃபாரின் கீ கேஸ்கேட் என்று வைக்கப்பட்டிருந்தால் அந்த வகையின்கீழ் இருந்த உபயங்கள் அத்தனையும் கூடவே போய்விடும். பணம் சம்பந்தப்பட்ட அட்டவணைகளுக்கு ஜாங்கோவில் புரொடெக்ட், எஸ்கியூஎல்லில் ரெஸ்ட்ரிக்ட் என்று வைத்தால் அழிக்க விடாது.

அடுத்தது அடையாள அட்டை எண். தொடர்புள்ள பதிவைக் காட்டுகிறோம் என்று முழுப் பதிவையும் தூக்கிப் பக்கத்துக்குள் போட்டுவிடுகிறார்கள். தேடல் பெட்டிக்காக உறுப்பினர் பட்டியலை ஜேசன் என்ற தரவு வடிவமாக மாற்றிப் பக்கத்தில் பதிப்பது பொதுவான வழக்கம். திரையில் பெயர் மட்டும்தான் தெரியும். பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் தொலைபேசி, வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் வரிசையாக இருக்கும். நம் நாட்டு அட்டையின் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிடும். ஏமாற்றுக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வேண்டிய பத்திகளை மட்டும் பெயர் சொல்லி எடுங்கள்: ஜாங்கோவில் வேல்யூஸ், லாராவெலில் செலக்ட். லாராவெல் மாடலின் (அட்டவணைக்கான நிரலின்) ஹிட்டன் பட்டியலில் அடையாள அட்டைப் பத்தியைச் சேர்த்துவிடுங்கள். குடும்பத்தின் தனிப்பக்க முகவரியில் பெயரையும் வைக்க வேண்டாம். நம் பெயர்களில் தந்தை பெயருக்கு முன் மகன், மகள் என்று குறிக்க வரும் ஏ/எல், ஏ/பி-யின் சாய்கோடு முகவரியை இரண்டாக உடைத்து, ‘பக்கம் இல்லை’ என்று சொல்லவைக்கும். பதிவு எண்ணே போதும்.

இத்தனையையும் நிர்வாகக் குழுவினர் தாங்களே கற்க வேண்டியதில்லை. பக்கத்தை வாங்கிக்கொள்ளும் நாளில், எழுதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, குவெரி எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். ஜாங்கோவுக்கு டீபக் டூல்பார், லாராவெலுக்கு டீபக்பார் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்தின் ஓரத்திலேயே எண்ணைக் காட்டும். பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரிக்காமல், போலித் தரவாக 50 குடும்பங்கள் இருக்கும்போது ஒரு முறை, 1,000 குடும்பங்களை நிரப்பிவிட்டு ஒரு முறை பாருங்கள். எண் கூடாமல் நின்றால் வேலை சரி. குடும்பங்களோடு சேர்ந்து அதுவும் ஏறினால், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் திருத்தச் சொல்லலாம். எழுதுபவர்களுக்கும் காவல் உண்டு: லாராவெலில் 2021 முதல் பிரிவென்ட்லேஸிலோடிங், ரெயில்ஸில் 6.1 பதிப்பு முதல் ஸ்ட்ரிக்ட் லோடிங். சொல்லாமல் எடுக்கும் குவெரியை இவை அங்கேயே பிழையாக நிறுத்திவிடும். உருவாக்கும் கணினியில் மட்டும் இயக்கி வையுங்கள். பக்தர்கள் திறக்கும் பக்கத்தில் வேண்டாம். ஜாங்கோ சோதனைகளில் அசெர்ட்நம்குவெரீஸ் போட்டு 3 என்று எழுதிவிட்டால், நாளை வேறொருவர் டெம்ப்ளேட்டில் ஒரு புள்ளியைச் சேர்க்கும்போது சோதனையே கத்தும்.

விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சியில் ஐந்து பதிவுகளோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயிரம் போலிப் பதிவுகளை நிரப்பும் நிரலான ஃபேக்டரி எழுதுவதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

இப்படிக்கு,
இணையச் செயலி எழுதும் வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.