வங்காலை வெள்ளைத் தரை ஓடுபாதை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில், கணவனும் மனைவியுமாகக் காரில் மன்னாரிலிருந்து பூநகரி, பரந்தன் வழியாக முல்லைத்தீவு வரை போன பயணக் கட்டுரையை வாசித்தேன். எங்கள் பக்கத்துக்கு ஆட்கள் வருவதில் மகிழ்ச்சிதான். ஆனால் "வங்காலைப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் வெள்ளைத் தரை, வாகனத்தை இறக்கி வேண்டியமட்டும் ஓட்டலாம்" என்ற வரியை அச்சுக்கு அனுப்பியபோது உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் உறுத்தவில்லையா?

அந்தத் தரை 2008இல் சரணாலயமாகி, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த 4,839 ஹெக்டேயர் நிலத்தில் அடங்கியது. நீங்கள் அறியாததல்ல. வலசைப் பறவைகள் இல்லாத ஆவணி மாதம் வந்து, பார்க்க ஒன்றுமில்லை என்றால் எப்படி? ஊசிவால் வாத்தும் உள்ளானும் ஐப்பசியில் இறங்கத் தொடங்கி, மாசி, பங்குனி வரை நிற்கும். தை மாதத்தில் விடிந்து வெயில் ஏறமுன் மன்னார்த் தாம்போதிப் பக்கம் வந்து பார்க்கட்டும். பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, தண்ணீரை அரித்தபடி நடக்கும். அது தின்பதெல்லாம் அந்த "வெறும்" சேற்றுக்குள்தான் இருக்கிறது.

வாகனம் இறக்குவதைப் பற்றிப் பொறுப்போடு சொல்கிறேன். இங்கே புதைந்த வாகனங்களை உழவு இயந்திரம் கட்டி இழுக்கிறவர்களில் நானும் ஒருவன். மேலே காய்ந்து வெடித்திருப்பது விரல் தடிப்பு உப்புப் பொருக்கு மட்டுமே. அதன் கீழே கறுத்த களி, கோடையிலும் ஈரம் காயாது. ஆள் நடந்தால் தாங்கும், கார் தாங்காது. பொருக்கு உடைந்ததும் முன்சில்லு சுழலும். பயந்து அக்சிலேற்றரை மிதித்தால் அச்சு வரை இறங்கிவிடும். செய்ய வேண்டியது, உடனே நிறுத்தி எல்லோரும் இறங்குவது. ரயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால் 18க்கு இறக்கி, சில்லுக்கு முன்னால் களியை வழித்து, பனைமட்டையோ பலகையோ கொடுத்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னுக்கு எடுக்க வேண்டும். கயிற்றைப் பம்பரில் கட்டினால் பம்பர்தான் கழன்று வரும், சேசிஸ் கொக்கியில் கட்ட வேண்டும். இழுக்கிற உழவு இயந்திரம் கெட்டித் தரையில் நிற்க வேண்டும் என்பதால் நீளக் கயிறு தேவை. அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவாவிட்டால் பிரேக் குழாயை உப்புத் தின்றுவிடும். களியில் விழுந்த தடம் மாரி மழை வரும்வரை அப்படியே கிடக்கும், அதைப் பார்த்து அடுத்த வாகனமும் இறங்கும். உங்கள் கட்டுரை வந்த கிழமையே இரண்டு இறங்கின.

இது முதல்தடவை என்றால் பொறுத்திருப்பேன். போன வருடம் விடத்தல்தீவைப் "படகில் போக வேண்டிய தீவு" என்று படக்குறிப்புப் போட்டீர்கள். அது ஏ32 வீதியால் போய்ச் சேருகிற ஊர். அதற்கு முன்னொரு தரம் நாயாற்று வாடிகளை, அதாவது மீனவர் பருவத்துக்குத் தங்கும் குடில்களை, "மக்கள் கைவிட்ட குடிசைகள்" என்று எழுதினீர்கள். வடகிழக்கு வாடைக் காற்றுக்கு வாடி வெறுமையாகும், தென்மேற்குச் சோழகத்துக்கு நிரம்பும். காற்றுப் பார்த்துக் கரை மாறுகிற தொழில் அது. வன்னி என்றால் வெள்ளம் வந்தால் ஒரு படம், இல்லையென்றால் பாழ்நிலம். இவ்வளவுதானா உங்கள் கண்ணில் நாங்கள்?

இந்தத் தடவை முல்லைத்தீவுக்குப் பக்கத்து வட்டுவாகலும் தப்பவில்லை. "படமெடுக்க நல்ல பழைய பாலம்" என்கிறது கட்டுரை. ஒரு வாகனம் போக மற்றது காத்து நிற்கும் ஒடுங்கிய பாலம் அது. நடுவில் நிறுத்திப் படமெடுத்தால் இரண்டு பக்கமும் வரிசை நிற்கும், அதில் நோயாளியும் இருப்பார். மாரியில் நந்திக்கடல் களப்பு நிரம்பி, முகத்துவாரத்து மணல் இன்னும் வெட்டுப்படாமல் இருந்தால் தண்ணீர் பாலத்துக்கு மேலால் பாயும், ஓரம் தெரியாது. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், எங்கள் சனம் கையில் அகப்பட்டதோடு நடந்து கடந்ததும் அதே பாலம்தான். அதைக் கட்டுரையில் ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சிரித்த முகத்தோடு ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். வாசித்த வீடுகளில் எத்தனை பேர் பத்திரிகையை மடித்து வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

நான் கேட்பது மூன்று வரித் திருத்தம் மட்டுமே. வங்காலையில் வீதியை விட்டு வாகனம் இறக்கக் கூடாது. வலசைப் பறவை பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில் வர வேண்டும். வட்டுவாகல் பாலத்தில் வாகனத்தை நிறுத்தக் கூடாது. அடுத்த ஞாயிறு, கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஆட்கள் புறப்படமுன் அது வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகன்,
முழங்காவில்.