ஜெட் என்றால் விமானம் அல்ல

ஐயா,

ஈய அணுக்கரு மோதல் பற்றிய ஞாயிறு கட்டுரையில் 'ஜெட்' என்ற சொல்லுக்கு விமானப் படம் போட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு மனசு கேட்கவில்லை.

இங்கே ஜெட் என்பது ஒரே திசையில் பீறிட்டுப் பாயும் துகள் கொத்து. அணுக்கருவுக்குள் இருக்கும் நுண்துகள்களான குவார்க்குகளோ குளுவான்களோ பலமாக மோதித் தெறித்தால் இரண்டு ஜெட்டுகள் எதிரெதிரே கிளம்பும். ஈய அணுக்கருக்கள் மோதும்போது இந்தத் துகள்கள் விடுபட்டுக் கலந்து பிறக்கும் குவார்க்-குளுவான் குழம்பில் அதிக தூரம் கடக்க நேர்ந்த ஜெட், வழியெல்லாம் ஆற்றலைப் பறிகொடுத்து மெலிந்துவிடும். 2010-ல் ஜெனீவா அருகே எல்.எச்.சி. என்ற துகள் மோதல் இயந்திரத்தில் அட்லஸ் ஆய்வுக் குழு கண்டது இதைத்தான்: ஒரு பக்கம் பலத்த ஜெட், எதிர்ப்பக்கம் சோனி ஜெட்.

பறிபோன ஆற்றல் எங்கே? நேற்று மாலை கட்டபெட்டு வளைவில் பேரனுக்குக் காட்டினேன். பனிமூட்டத்துக்குள் வந்த பஸ்ஸின் விளக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அதைச் சுற்றிய மூட்டம் முழுக்க வெளுத்துக் கிடந்தது. ஜெட் இழந்த ஆற்றலும் அப்படித்தான், வலுக்குறைந்த துகள்களாக அகலச் சிதறியிருக்கும். ஒளித்துகளான ஃபோட்டானோ அந்தக் குழம்பில் சிக்காமல் வெளியேறிவிடும். அதனால், எதிரே ஃபோட்டான் கிளம்பிய மோதல்களில், அதன் ஆற்றலை வைத்தே ஜெட் புறப்பட்டபோது இருந்த ஆற்றலைக் கணக்கிட முடிகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வகமே இயங்கும் மாவட்டம் இது. எங்கள் பிள்ளைகள் உங்கள் அறிவியல் பக்கத்தை நறுக்கி நோட்டில் ஒட்டுகிறார்கள். அடுத்த ஞாயிறே சரியான படத்தைப் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கோத்தகிரி