செவன் அப் சாலட்: அயோவாவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சாரதாவுக்கு,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூட்டு வலி தணிந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கு அயோவாவில் அனைவரும் நலம். மருமகள் மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கிவிட்டதால் பகல் நேரத்தில் பேத்தியும் அடுக்களையும் என் பொறுப்பு. முந்தைய கடிதத்தில் சோடா ஊற்றிச் செய்யும் ஜெல்லி என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். நீ அதைப் பிடித்துக்கொண்டு, அது என்ன பண்டம், சோடாவின் வாயு ஜெல்லிக்குள் தங்குமா, சைவச் சமையலில் அதைச் செய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறாய். காலமெல்லாம் வேதியியல் நடத்தியவள் வேறெப்படிக் கேட்பாய்! ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

இதற்குச் செவன் அப் சாலட் என்று பெயர். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து தேவாலயக் கூடத்தின் நீண்ட மேசையில் வைக்கும் விருந்துகளில், ஒரு தலைமுறைக்கு முன்புவரை இது தவறாமல் இடம்பெற்றது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எண்பது வயதைக் கடந்த பக்கத்து வீட்டு அம்மாள். 9 அங்குல அகலமும் 13 அங்குல நீளமும் உள்ள கண்ணாடித் தட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் அடுக்குகள் தெரியும். அடியில் வெளிர்மஞ்சள் எலுமிச்சை ஜெல்லி, அதற்குள் நசுக்கிய அன்னாசியும் வாழைப்பழ வில்லைகளும். அதன் மேல்விளிம்பில் மிதந்து உறைந்துபோன, மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சுபோன்ற குட்டி இனிப்புகளின் வெள்ளைக் கோடு. அதற்கு மேல் அன்னாசிச் சாற்றில் காய்ச்சிய கூழோடு அடித்த க்ரீமைக் கலந்து பரப்பிய தடித்த அடுக்கு. உச்சியில் துருவிய செடார் சீஸ். ஆம், சீஸ்தான், நீ சரியாகத்தான் படிக்கிறாய். இதைச் சதுரம் சதுரமாக வெட்டி, பன்றித் தொடைக் கறிக்கும் உருளைக்கிழங்குக்கும் பக்கத்தில், அதே தட்டில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். கேக்கும், பை என்று இங்கு சொல்லும் பழம் வைத்துச் சுட்ட பணியாரமும் பிறகு தனியே வருகின்றன.

இன்று பலரும் இதை ஒரு கேலிப்பொருளாகவே பேசுகிறார்கள். என் மருமகளும் அப்படித்தான். ஆனால் இது ஒரு காலத்தில் பெரிய வீட்டுப் பண்டம். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் கட்டியாகிவிடுவது உனக்குத் தெரியுமல்லவா, அதற்குக் காரணமான கொலாஜன் என்ற புரதத்திலிருந்து பிரியும் ஜெலட்டின்தான் இதற்கும் அடிப்படை. பழைய நாளில் கன்றுக்குட்டியின் கால்களை மணிக்கணக்கில் வேகவைத்து, கொழுப்பை நீக்கி, முட்டை வெண்கருவால் தெளியவைத்து, துணியில் வடிகட்டியே ஜெல்லி செய்தார்கள். சமையலுக்கு ஆள் வைத்திருந்தவர்களாலும், குளிரவைக்கப் பனிக்கட்டி வாங்க முடிந்தவர்களாலும் மட்டுமே அது இயன்றது. ரயில் எஞ்சின் கட்டிய பீட்டர் கூப்பர் 1845இல் ஜெலட்டின் தூளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதை வைத்து அவர் பெரிதாக வியாபாரம் செய்யவில்லை. நியூயார்க் மாநிலத்தின் லெராய் என்ற சிற்றூரில் இருமல் மருந்து தயாரித்துக்கொண்டிருந்த பேர்ல் வெய்ட் 1897இல் அந்தத் தூளோடு சர்க்கரையும் பழச் சுவையும் சேர்த்தார். அவர் மனைவி மே அதற்கு ஜெல்லோ என்று பெயரிட்டார். சரக்கு விற்காததால் அலுத்துப்போன வெய்ட், இரண்டே ஆண்டுகளில் எல்லா உரிமையையும் அதே ஊர்க்காரரான ஓரட்டர் உட்வார்டுக்கு 450 டாலருக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு விளம்பரமும், வீடுதோறும் வந்த குளிர்பதனப் பெட்டியும் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன. இந்தப் பண்டத்தில் இம்மக்களுக்கு உள்ள பற்றுக்கு ஒரு சான்று சொல்கிறேன்: ஜெல்லோவை அதிகம் உண்ணும் ஊர் என்ற பெருமையை 1999இல் எங்கள் அயோவாவின் டிமொயின் நகரம் சால்ட் லேக் நகரத்திடமிருந்து தட்டிக்கொண்டது; பொறுக்கமாட்டாத யூட்டா மாநிலம் 2001இல் ஜெல்லோவைத் தன் அதிகாரபூர்வச் சிற்றுண்டியாகவே அறிவித்துவிட்டது.

செவன் அப்பின் கதை உனக்கு இன்னும் பிடிக்கும். செயின்ட் லூயிஸ் நகரத்து சார்லஸ் கிரிக் 1929இல், பங்குச் சந்தை சரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அப்போது அதில் லித்தியம் சிட்ரேட் இருந்தது. மனநோய் மருத்துவத்தில் பயன்படும் அதே லித்தியம்தான். 1948வரை அதைச் சேர்த்துவந்திருக்கிறார்கள். பிற்காலத்தில், வெறுமனே குடித்தால் எவ்வளவு விற்கும் என்று எண்ணியோ என்னவோ, சோடாவை வைத்துச் சமைக்கும் குறிப்புகளையும் அந்நிறுவனம் கையேடுகளாக வெளியிட்டது.

இனிச் செய்முறை. எலுமிச்சை ஜெல்லோ 85 கிராம் பெட்டி இரண்டை ஒரு பாத்திரத்தில் கொட்டி, இரண்டு கோப்பை கொதிநீர் ஊற்றி, துகள் ஒன்றுகூட அடியில் நிற்காதபடி இரண்டு நிமிடம் கலக்க வேண்டும். வழக்கமாக இதற்குப் பிறகு இரண்டு கோப்பை குளிர்ந்த நீர் சேர்ப்பார்கள். அந்த இடத்தில்தான் இரண்டு கோப்பை செவன் அப். பலர் கொதிக்கும் கரைசலிலேயே ஊற்றிவிடுகிறார்கள்; அது பால் பொங்குவதுபோல் நுரைத்து வாயுவையெல்லாம் வெளியே தள்ளிவிடுகிறது. அம்மாளின் பழக்கம் வேறு. கரைசல் கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியபின், குளிர்பதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சோடாவைப் பாத்திரத்தின் உட்சுவர் வழியாக மெல்ல வழியவிட்டு, கரண்டியால் ஒரே ஒரு சுற்று மட்டும் கிளறுவார். வெப்பம் குறைந்தால் கார்பன் டை ஆக்ஸைடு அதிகம் கரைந்து நிற்கும் என்று நாம் கரும்பலகையில் எழுதிப்போட்டதை அவர் கைப்பழக்கமாகவே வைத்திருக்கிறார். வாயு தங்குமா என்ற உன் கேள்விக்கு விடை: கொஞ்சம் தங்கும். உறைந்தபின் ஜெல்லிக்குள் ஊசிமுனை அளவில் குமிழ்கள் தெரியும். அன்றே சாப்பிட்டால் நாக்கில் இலேசாகச் சுருக்கென்று இருக்கும். மறுநாள் அதுவும் இராது. என் கணிப்பில் சோடாவின் உண்மையான பயன் அதன் சிட்ரிக் அமிலம்தான். வெறும் தண்ணீரில் செய்தால் திகட்டும் ஜெல்லி, இதனால் சற்றுப் புளிப்பேறி உண்ணத் தகுந்ததாகிறது.

அடுத்து, பழங்களை உடனே போடக் கூடாது. கரைசல் பச்சை முட்டையின் வெண்கருபோல் கொழகொழப்பாகும்வரை குளிரில் வைத்துவிட்டுப் பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னதாகவே போட்டால், சர்க்கரைப் பாகில் ஊறிய டின் அன்னாசி அடியில் போய்ப் படியும். வாழைப்பழம் மேலே மிதக்கும். சுமார் 570 கிராம் டின் அன்னாசியை வடிகட்டிச் சாற்றைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்; அது மேல் அடுக்குக்கு. அன்னாசி டின்னில் அடைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அம்மாள் கண்டிப்பானவர். பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைப்பதால் ஜெலட்டின் இரவெல்லாம் வைத்தாலும் உறையாமல் கஞ்சியாகவே கிடக்கும். டின்னில் அடைக்கும்போது ஏற்றும் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. பப்பாளியும் கிவியும் இதே கணக்கில் சேர்ந்தவை.

மேல் அடுக்கு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அரைக் கோப்பை சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி மைதா, அடித்த முட்டை ஒன்று, எடுத்து வைத்த அன்னாசிச் சாறு ஒரு கோப்பை ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கலந்து, சிறுதீயில் இடைவிடாமல் கிண்டினால், கரண்டியின் முதுகில் விரலால் இழுத்த கோடு அழியாமல் நிற்கும் பதத்துக்கு வரும். இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் சேர்த்து இறக்கி முழுதும் ஆறவைத்து, ஒரு கோப்பை க்ரீமை நுரைக்க அடித்து இதில் மடித்துக் கலக்க வேண்டும். ஆறவைப்பதில் அவசரம் ஆகவே ஆகாது. ஜெலட்டின் நம் உடல் வெப்பத்துக்கும் கீழேயே உருகிவிடும் பொருள்; வாயில் வைத்ததும் கரைகிறது என்று மெச்சுகிறார்களே, அதற்குக் காரணமும் அதுதான். ஆகவே வெதுவெதுப்பான கூழை மேலே ஊற்றினால் கீழ் அடுக்கு கரைந்து இரண்டும் கலங்கிவிடும். வெறும் ஜெல்லியையே நிறம் நிறமாக அடுக்குபவர்களுக்கு இதற்கு மாறான தொல்லையும் உண்டு: கீழ் அடுக்கு வழவழவென்று இறுகிய பிறகு அடுத்ததை ஊற்றினால் ஒட்டாது, வெட்டும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். விரலால் தொட்டால் பிசுபிசுப்பு ஒட்ட வேண்டும், ஆனால் பள்ளம் விழக் கூடாது; அந்த நேரம் பார்த்து ஊற்ற வேண்டும். இவ்வளவு கவனத்தைக் கேட்கும் பண்டத்தைச் சமைக்கத் தெரியாதவர்களின் குறுக்குவழி என்று எப்படிச் சொல்கிறார்களோ, எனக்கு விளங்கவில்லை.

சீஸைப் பற்றி நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். அதன் உப்புதான் கீழே உள்ள இனிப்பை அடக்குகிறது. கறியோடு சேர்த்து உண்ண முடிவதும் அதனால்தான். மார்ஷ்மெல்லோவுக்கு மட்டும் என்னால் பரிந்து பேச முடியவில்லை. அம்மாள் பார்க்காத வேளையில் நான் அதை விட்டுவிடுகிறேன்.

உன் வீட்டுக்கு ஜெலட்டினும் முட்டையும் ஆகா. அதற்கு வழி உன் ஊரிலேயே இருக்கிறது. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் எடுக்கப்படும் அகர்தான் கடையில் சைனா கிராஸ் என்று கிடைக்கிறது. தூளாக வாங்கினால் நான்கு தேக்கரண்டியை இரண்டு கோப்பை நீரில் கொட்டிச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அரைக் கோப்பை சர்க்கரை சேர்த்துக் கரைத்து இறக்கிக்கொள். எலுமிச்சைச் சாற்றையும் சோடாவையும் இறக்கிய பிறகே சேர். புளிப்போடு கொதித்தால் அகரின் பிடிப்பு தளர்ந்துவிடும். சோடா இரண்டு கோப்பையும் குளிராமல் அறைவெப்பத்திலேயே இருக்கட்டும். அகர் ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரிக்குள்ளேயே உறைந்துவிடுவதால், பனிபோன்ற சோடா பட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். இந்தச் சூட்டில் வாயு நிற்காது. அந்த ஆசையை விட்டுவிடு. அதற்கு ஈடாக இரண்டு வசதிகள் உனக்குக் கிடைக்கின்றன. அகர் புரதமன்று என்பதால் புரோமெலைன் அதை ஒன்றும் செய்யாது. பச்சை அன்னாசியையே பொடியாக நறுக்கிப் போடலாம். இன்னொன்று, உறைந்த அகர் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். இராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் மின்சாரம் போனாலும் உன் ஜெல்லி மேசையில் நின்றுகொண்டிருக்கும். வாயில் தானாகக் கரையாது, கடித்துத்தான் சாப்பிட வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மேல் அடுக்குக்கு முட்டையும் மைதாவும் நீக்கி இரண்டரை மேசைக்கரண்டி சோளமாவு போட்டுக் காய்ச்சு. செவன் அப்புக்குப் பதில் எலுமிச்சைச் சுவையுள்ள கோலி சோடாவிலும் செய்து பார். ஆனால் அதன் இனிப்பை முதலில் சுவைத்துவிட்டுச் சர்க்கரையை முடிவு செய். சீஸ் உன் விருப்பம்.

செய்தால் எப்படி உறைந்தது, வெட்டும்போது அடுக்குகள் பிரிந்தனவா என்று எழுது. வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன்
வசந்தா