சுரத்தின் கீழே தமிழை ஆங்கில எழுத்தில் அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

மார்கழி நெருங்கினால் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ ஆலயப் பாடற்குழுக்களின் கைகளுக்குப் புதிய இசைத்தாள்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றுட் சிலவற்றில் ஐந்து கோட்டின் கீழே தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் கிடக்கிறது. ஏனென்று கேட்டால், "கொம்பியூட்டரில் சுரத்துக்குக் கீழே தமிழ் சரியாக வராது" என்கிறார்கள். 1841 இல் 'உதயதாரகை' பத்திரிகை அச்சேறிய மண்ணில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லக்கூடாது. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒரே ஆங்கில எழுத்துக்குள் ஒடுங்கிய தாளைப் பார்த்துப் பாடும் பிள்ளைக்கு எந்த இடத்தில் நாக்கை மடக்குவது என்று எப்படித் தெரியும்?

தமிழ் நன்றாகவே வரும். லிலிபொண்ட் என்ற இலவச மென்பொருள் 1996 இலிருந்து வளர்ந்து வருகிறது. மவுஸால் சுரங்களை இழுத்து வைக்கும் வேலை இதில் இல்லை. சாதாரண எழுத்துக் கோப்பில் சுரத்தின் பெயரையும் அதன் கால அளவையும் தட்டச்சு செய்தால் போதும்: சுரத்தோடு 4 சேர்த்தால் குரொச்செட் (கால் சுரம்), 8 சேர்த்தால் குவேவர் (அரைக்கால் சுரம்), 2 சேர்த்தால் மினிம் (அரைச் சுரம்). இடைவெளி, தண்டு, பார் கோடு (தாள அளவைப் பிரிக்கும் கோடு) எல்லாவற்றையும் மென்பொருளே அமைத்து பிடிஎஃப் ஆகத் தரும். யூனிகோட் தமிழையும் அது சரியாகக் கோக்கும். கொம்பும் காலும் தத்தம் இடத்துக்குத் தாமாகவே போகும். பிழை வருவது பெரும்பாலும் நாம் உள்ளே கொடுக்கும் எழுத்தால்தான். எந்தெந்த இடத்தில் என்பதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலாவது, பாமினி. எமது அச்சகங்களிலும் ஆலய அலுவலகங்களிலும் பழைய பாட்டுகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. பாமினியில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. அதை அப்படியே ஒட்டினால் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி விழுந்த ஆங்கிலக் குழப்பம்தான் அச்சாகும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை கண்ணால் சரிபார்த்து, கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவில் சேமிக்க வேண்டும். பிறகு எழுத்துருவின் பெயர். லதா, நிர்மலா, நோட்டோ தமிழ் எதுவும் பொருந்தும். ஆனால் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மென்பொருள் முறையிடாது, வேறோர் எழுத்துருவைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். தாளில் வேறு முகம் தெரிந்தால், கணினியில் உள்ள எழுத்துருக்களின் பட்டியலை லிலிபொண்டையே கேட்டு, அங்கே உள்ளபடி பெயரை எழுதுங்கள்.

அடுத்தது அசை பிரிப்பு. ஆகக் கூடுதலாகத் தவறுவது இங்கேதான். யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசைக் கணக்கு இங்கே உதவாது. நிரையசையில் இரண்டு உயிரொலி உண்டு, சுரத்துக்கோ ஒன்றுதான் வேண்டும். ஒரு துண்டில் ஓர் உயிரோ உயிர்மெய்யோ இருக்க வேண்டும். அதன் பின்னே வரும் புள்ளி எழுத்து ஒன்றானாலும் இரண்டானாலும் அந்தத் துண்டோடேயே ஒட்ட வேண்டும். ஒரு சொல்லின் துண்டுகளுக்கு நடுவே இரட்டைச் சிறுகோடு இட வேண்டும்: "அல் -- லே -- லூ -- யா", "கி -- றிஸ் -- து", "ம -- கிழ்ந் -- து". சொல்லின் முதலில் வரும் புள்ளி எழுத்துக்கு முன்னே போக இடமில்லை, ஆகவே "ஸ்தோத் -- தி -- ரம்". எழுத்தை மட்டும் பார்த்து "மகி -- ழ்ந் -- து" என்று வெட்டினால் பாடுபவர் தடுமாறுவார். உயிர்க்குறியைத் தனியே பிரித்தால் நிலைமை இன்னும் மோசம்: "கை" என்ற எழுத்தை நீட்டிப் பாடவேண்டும் என்பதற்காகக் ககரத்தை ஒரு சுரத்திலும் இணைக்கொம்பை அடுத்த சுரத்திலும் வைத்தால், இரண்டாவது இடத்தில் புள்ளி வட்டம் ஒன்று அச்சாகும். நீட்டுவதற்கு எழுத்தை உடைக்கத் தேவையில்லை. சொல் முடிந்த பின் இரண்டு அடிக்கோடு இட்டால் நீட்டற் கோடு வரும்.

மேலே உள்ள உதாரணங்களில் இரட்டைச் சிறுகோட்டுக்கு இரு பக்கமும் இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் முழுச் சொல்லும் ஒரே அசையாகி ஒரே சுரத்தின் கீழே போய் உட்கார்ந்துவிடும். வேர்டில் தட்டச்சு செய்து கொண்டுவருபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. வேர்ட் அந்த இரண்டு சிறுகோட்டையும் தானாகவே ஒரு நீள் கோடாக மாற்றிவிடும். லிலிபொண்டுக்கு நீள் கோடும் ஓர் அசைதான். கோட்டுக்கொரு சுரம் போய், வரி முழுவதும் வலப்பக்கம் தள்ளப்பட்டுவிடும். வட்ஸ்அப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுக்கும் வரிகளில் உடையா இடைவெளி மறைந்திருக்கலாம். அது கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலத் தெரிந்தாலும் மென்பொருள் அதை எழுத்தாகவே எடுத்து, இரண்டு சொற்களை ஒரு சுரத்தில் ஏற்றும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: பாட்டை நோட்பாட் போன்ற வெறும் எழுத்துச் செயலியில் வைத்து, இடைவெளிகளையும் கோடுகளையும் அங்கேயே புதிதாகத் தட்டுவது. இரண்டு அசை உண்மையாகவே ஒரு சுரத்தில் சேர்ந்து பாடப்படுமானால், "அ -- வ -- னுக் -- கு_இன் -- று" என்பதுபோல நடுவே ஓர் அடிக்கோடு போடுங்கள். அச்சில் அது இடைவெளியாகவே வரும்.

பாட்டு வரி ஒரு சுரம் முந்தியோ பிந்தியோ போனால், பாட்டைத் திருத்துவதற்கு முன் சுரத்தைப் பாருங்கள். அடைப்புக்குறியால் வளைகோடு போட்ட சுரங்களுக்கும், கட்டுக்கோட்டால் இணைத்த சுரங்களுக்கும் ஓர் அசைதான் கிடைக்கும். குவேவர்களைத் தானாகச் சேர்த்துக் கட்டும் 'ஓட்டோபீம்' நிறுத்தப்பட்டிருக்கும்போது சதுர அடைப்பால் குவேவர்களைச் சேர்த்துக் கட்டினாலும் அப்படியே. ஒரு வளைகோடு விடுபட்டால் அந்த இடத்திலிருந்து பாட்டின் கடைசிவரை பிசகும். முதலில் பிசகுகின்ற இடத்தைக் கண்டுபிடித்து அந்த ஒன்றைத் திருத்தினால் மிச்சம் தானாகச் சரிவரும்.

கீர்த்தனைகளில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. முதற் சரணத்தில் ஒரு நெடில் இரண்டு சுரத்தில் இழைந்து போகும். இரண்டாம் சரணத்தில் அதே இடத்தில் இரண்டு குறில் வந்து நிற்கும். முதற் சரணத்துக்காகப் போட்ட வளைகோடு இரண்டாம் சரணத்தின் ஓர் அசையைப் பின்னே தள்ளிவிடும். இரண்டாம் சரணத்தின் வரியில் மட்டும் வளைகோட்டைப் பொருட்படுத்தாதே என்னும் 'இக்னோர் மெலிஸ்மாட்டா' கட்டளையை இட்டு, அந்த இடம் கடந்ததும் நீக்க வேண்டும். கட்டளை ஓர் அசை தாமதித்துத்தான் வேலை செய்யும் என்பதால், தேவைப்படும் அசைக்கு ஓர் அசை முன்னரே அதை எழுத வேண்டும். இதைக் கவனியாமல் கட்டளை பழுது என்று கைவிட்டவர்கள் உண்டு.

நான்கு குரற் பாடல்களில் ஒரே ஐந்து கோட்டில் சோப்ரானோ, ஓல்ட்டோ என்ற மேலிரு குரல்களையும் சேர்க்க, இரட்டைப் பின்சாய்கோடு போடும் குறுக்குவழியைப் பலர் எடுக்கிறார்கள். அது உள்ளுக்குள் புதிய குரல்களை உருவாக்குவதால் பாட்டு வரி தன் குரலைத் தொலைத்துவிடும். இரு குரலுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, முதற் குரல், இரண்டாம் குரல் என்ற கட்டளைகளை இட்டு, பாட்டு வரியை அந்தப் பெயரோடு இணைப்பதே சரி. பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பாட்டின் பகுதிகளுக்கும் "பல்லவி", "சரணம்" என்றே மாறிப் பெயர் (கோப்பில் அந்தப் பகுதியை அழைக்கும் பெயர்) இடலாம். ஈற்றில் இலக்கம் மட்டும் சேர்க்காதீர்கள், "சரணம்2" என்றால் பிழை காட்டும்.

புதியவர்கள் விழும் இன்னும் இரண்டு குழிகள். டி மேஜர் என்று சுருதிக் குறியீட்டை அறிவித்த பிறகும் எஃப் ஷார்ப்பை 'ஃபிஸ்' என்றே எழுத வேண்டும். வெறும் எஃப் எழுதினால் அதன் முன்னே ஷார்ப்பை நீக்கும் நச்சரல் குறி வந்து நிற்கும். முதற் பாருக்கு முன்னே ஒரு குரொச்செட் எடுப்புச் சுரத்தோடு தொடங்கும் பாட்டில் ஆரம்பத்தில் 'பார்ஷல் 4' என்று எழுதாவிட்டால் பார் கோடுகள் எல்லாம் ஒரு குரொச்செட் தள்ளி விழும். ஒவ்வொரு பார் முடிவிலும் நிலைக்கோடு (|) ஒன்றை இட்டுவந்தால், கணக்குப் பிசகிய வரியின் இலக்கத்தை மென்பொருளே சொல்லும். பிழைச் செய்திகளில் முதலாவதை மட்டும் நம்புங்கள். மூடாத ஓர் அடைப்புக்குறி, கோப்பின் கடைசி வரியில் பிழை என்று காட்டும். குற்றம் எங்கேயோ மேலே இருக்கும்.

தமிழ் எழுத்து அகலமானது. "ணை", "ஞௌ" போன்றவை வரும் இடத்தில் சுரங்கள் விலகி நிற்க, அடுத்த பாரில் நெருங்கி நிற்கும். தாளம் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். பாட்டு வரியின் எழுத்தளவை ஒரு படி குறைத்தால் ஏறத்தாழ 11 சதவீதம் சுருங்கும். அதற்கு மேல் குறைக்க வேண்டாம், பாடற்குழுவில் வயதானவர்களும் இருக்கிறார்கள். அதைவிட, வரிக்கு நான்கு பார் என்பதை மூன்றாக்கி விடுவது நல்லது. கடதாசி ஒன்று கூடினாற் பரவாயில்லை.

தாளக்கட்டு இல்லாத விருத்தத்துக்கு 'கடென்ஸா' முறையைத் திறக்க வேண்டும். அப்போது பார் கோடு வராது. பார் கோடு இல்லாத இடத்தில் வரி உடையாது என்பதால் முழு விருத்தமும் ஒரே வரியாகத் தாளுக்கு வெளியே ஓடிவிடும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் பார் கோடு ஒன்றை இட்டால் அங்கே மடியும்.

கீழைத்தேய சங்கீத ஆசிரியர்கள் ச, ரி, க, ம எழுத்துகளை இரண்டாவது பாட்டு வரியாகக் கோட்டின் கீழே சேர்க்கலாம். மேல் ஸ்தாயியைக் காட்டும் தாரஸ்தாயிப் புள்ளியைத் தமிழெழுத்தின் தலையில் வைக்க முயலவேண்டாம். பல எழுத்துருக்களில் அது இடம் தவறி விழும். ஸ்தாயியை மேலே உள்ள ஐந்து கோடே காட்டிவிடும்.

முடித்த தாளை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, புள்ளி எழுத்தின் புள்ளிகளே மங்கிவிடும். பிடிஎஃப் ஆக, ஆவணமாக அனுப்புங்கள். மூலக் கோப்பையும் கூடவே கொடுங்கள். சில கிலோபைட் எழுத்துத்தான் அது; அடுத்த ஆலயத்தார் சுருதியை ஒரு சுரம் இறக்க விரும்பினால் ஒரே வரியில் இறக்கிவிடலாம், போட்டோக்கொப்பியின் கொப்பியை வைத்துக்கொண்டு மீண்டும் கையால் எழுதத் தேவையில்லை. கோப்பின் முதல் வரியில் பதிப்பு எண் இருக்கட்டும். எழுத்துருவைக் குறிப்பிடும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. எண் இருந்தால்தான் பழைய கோப்பைப் புதுப்பிக்கும் துணைக் கருவி தன் வேலையைச் செய்யும். பொதுவில் அனுப்பும் பிடிஎஃப்பில் 'பொயின்ட் அன்ட் கிளிக்' வசதியை (சுரத்தைச் சொடுக்கி மூலக் கோப்பின் அந்த இடத்துக்குப் போவதை) நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் அந்தக் கோப்பு இருக்கும் இடத்தின் விபரமும் சுரத்துக்குச் சுரம் அதற்குள் ஒட்டிக்கொண்டு போகும்.

இசைத்தாள் அச்சமைப்பில் ஈடுபடும் வாசகர்,
சுண்டுக்குளி, யாழ்ப்பாணம்.