சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் டெண்டரில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னைக்கென்று ஒதுக்கப்படும் பணத்தில் பழைய கட்டடங்களைச் சீரமைக்க ஒரு கணக்கு, இளைஞர்களின் விளையாட்டுக்கும் கலைக்கும் வேறொரு கணக்கு என்று தனித்தனியாகச் செலவாகிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் சேராதவரை இரண்டுமே நிலைக்காது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பாருங்கள். 1856-ல் திறந்த கட்டடம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அது இன்றும் நிற்பதற்கு அதன் தூண்களின் அழகு மட்டும் காரணம் அல்ல. அங்கே இன்னும் வண்டி நிற்கிறது, ஆள் புழங்குகிறது, ஒழுகினால் யார் கண்ணிலாவது படுகிறது. ஜார்ஜ் டவுனில் 1915-ல் அன்னி பெசன்ட் கட்டிய கோகலே ஹாலின் கதை வேறு. கச்சேரியும் ஹோம் ரூல் பேச்சும் கேட்ட அந்தக் கூடம் புழக்கம் விட்டுப்போய், பாதி இடிபட்டு, வழக்கில் சிக்கிப் பல ஆண்டுகள் கிடந்தது. சென்னையின் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்த நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் 467 பாரம்பரியக் கட்டடங்கள் இருக்கின்றன. பட்டியலில் பெயர் ஏறுவது இடிப்பதைத் தடுக்கலாம், ஒழுகுவதைத் தடுக்காது.

இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் எப்படிக் கெடுகின்றன என்பது தெரிந்த விஷயம்தான். ஜார்ஜ் டவுன், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளின் மொட்டைமாடித் தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’. தேக்கு உத்திரங்களின் மேல் ஓர் அங்குல கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், கோணலாக, சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதன்மேல் சுமார் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். இப்படிப் போட்ட தளம் நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. அதைக் கொல்வது, மழைத் தண்ணீர் வெளியேறும் தூம்பை அடைக்கும் ஒரு கை அளவு சருகு. தண்ணீர் தேங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் நுனிக்கு இறங்குகிறது. வெளியே தெரியும் மரம் பார்க்க நன்றாகவே இருக்கும். சுவருக்குள் இருக்கும் முனைதான் முதலில் உளுத்துப்போகும். அதே ஈரத்தில் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைக்கிறது. கன்றை வெட்டினால் போதாது. வேரோடு எடுத்து, அந்த இடத்துச் சுண்ணாம்பைப் பெயர்த்து மறுபடி அடைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை மாடி ஏறித் தூம்பைத் துடைத்துவிட்டாலே பாதிச் சேதம் நிற்கும். தினமும் ஆள் வரும் கட்டடத்தில்தான் இது நடக்கும்.

அடுத்தது சிமென்ட். டெண்டர் எடுத்தவர் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்துத் திறப்பு விழாவுக்குத் தயார் செய்துவிடுகிறார். கடலோரத்தில் தரையிலிருந்து உப்புத் தண்ணீர் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசிய சுவரோ மழைக்கோட்டுக்குள் வியர்த்த உடம்பு மாதிரி ஆகிவிடுகிறது. ஈரம் போக வழியில்லாமல் உப்பு உள்ளேயே பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது, செங்கல் பொடியாக உதிர்கிறது. இரண்டாவது மழைக்காலத்திலேயே இது தெரிய ஆரம்பிக்கும்.

சுண்ணாம்பு வேலை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் பொறுமை வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, அதாவது தண்ணீர் விட்டு நீற்றி, குறைந்தது பதினைந்து நாள் தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு சலித்த மணல், உப்பில்லாத மணல். கடுக்காயை நசுக்கிப் பனைவெல்லத்தோடு ஊறவைத்து வடித்த தண்ணீரில் அரைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். ஒரே தடவையில் கனமாக அப்பினால் வெடிக்கும். அரை அங்குலத்துக்கு மேல் போகாமல், ஒரு பூச்சு இறுகியபின் அடுத்தது. வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, பத்து நாளாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். இதைக் கைப்பழக்கமாகச் செய்யத் தெரிந்தவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. வேலையில்லாமல் தெருமுனையில் நிற்கும் பையன்களுக்கு அவர்களிடமிருந்து இதைக் கற்றுக்கொடுப்பதைவிட உருப்படியான இளைஞர் திட்டம் இருப்பதாகத் தெரியவில்லை. கற்றவனுக்குக் கூலி உண்டு. அவன் பூசிய சுவரில் அவனே போஸ்டர் ஒட்ட மாட்டான்.

இதில் நாள்காட்டிச் சிக்கல் ஒன்று இருக்கிறது, திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வெளிப்பூச்சுக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு அது பரீட்சைக் காலம். ஆகவே அந்த மாதங்களில் படிப்பை விட்டவர்களையும் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் தினக்கூலி கொடுத்து எடுக்க வேண்டும். கூலி இல்லாத ‘பயிற்சி’க்கு அவர்கள் இரண்டாம் வாரம் வரமாட்டார்கள், காசிமேட்டில் மீன் கூடை தூக்கினால் அன்றைக்கே காசு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை இருக்கிறது.

பதினெட்டு வயது ஆகாதவர்களைச் சாரத்தில் ஏற்றவே கூடாது. அவர்களுக்கும் வேலை உண்டு. டேப் பிடித்து அறையை அளந்து படம் வரைவது, ஜன்னல் ஜன்னலாகப் போட்டோ எடுத்துப் பதிவது, விரிசலைக் கண்காணிப்பது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுத வேண்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். உடையாமல் ஒரு மழையும் ஒரு கோடையும் தாண்டினால் அது பழைய விரிசல், அடைத்துவிடலாம். ஏழாவது படிக்கும் பெண் இதைப் பெரியவர்களைவிடக் கவனமாகச் செய்வாள்.

சீரமைத்த கூடத்தில் என்ன நடத்துவது என்று வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. கேரம் வடசென்னையின் தெருமுனை ஆட்டம். இங்கே வளர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். சார்பட்டா, இடியாப்பம் என்று பரம்பரை பரம்பரையாகக் குழு பிரிந்து ஆடிய குத்துச்சண்டை இருக்கிறது, கானா இருக்கிறது, பறை இருக்கிறது. ஆனால் எதை எங்கே வைப்பது என்பதில் கட்டடத்தையும் கேட்க வேண்டும். குத்துச்சண்டை தரைத்தளத்தில்தான். மாடியில் குதித்தால் உத்திரம் அதிர்ந்து தளத்தில் விரிசல் விடும். மணல் பையைப் பழைய உத்திரத்தில் கட்டித் தொங்கவிடாமல் தனி இரும்புச் சட்டம் செய்துகொள்ளுங்கள். கேரமை மாடியில் வைக்கலாம். போர்டுகளை இரவில் சுவரில் சாய்த்து வைத்தால் கடல்காற்றில் பிளைவுட் வளைந்துவிடும், தரையைத் தொடாமல் மட்டமாக அடுக்க வேண்டும். கானாவுக்கும் பறைக்கும் மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை நேரம் வைத்தால் படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள், பக்கத்து வீட்டோடும் சண்டை வராது. பேனர் கட்டச் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். சுற்றி மரச்சட்டம் ஒன்று ஓடவிட்டால் போதும்.

பெண் பிள்ளைகள் வருவதும் நிற்பதும் மூன்று விஷயத்தில் இருக்கிறது: தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை, வாசல் வரை வெளிச்சம், கூடத்தில் பொறுப்பாக ஒரு பெண். இதில் ஒன்று குறைந்தாலும் இரண்டாம் மாதம் பையன்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அப்புறம் தனியாக விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுப் பயனில்லை.

இத்தனையும் செய்து சாவி ஒரே ஆளிடம் போய்விட்டால் முடிந்தது கதை. அவர் ஊருக்குப் போனால் கூடம் பூட்டு, தேர்தல் வந்தால் கட்சி அலுவலகம், மற்ற நாளில் பழைய நாற்காலி போடும் குடோன். அதனால் மாநகராட்சிக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சி.எம்.டி.ஏ.) எங்கள் கோரிக்கை இதுதான். சீரமைப்பு டெண்டரிலேயே சில வரிகள் சேருங்கள். சுண்ணாம்புப் பூச்சு, சிமென்ட் கூடாது, மாதிரிக்கு ஒரு சதுர மீட்டர் பூசிக் காட்டி ஒரு மழைக்காலம் பார்த்தபின்தான் முழுப் பணம். வேலையாட்களில் குறிப்பிட்ட பங்கு அந்த வார்டு இளைஞர்கள், கூலியோடு. ஐந்து வருடப் பராமரிப்புத் தொகை தனியாக, அதில் தூம்பு துடைப்பதற்கும் கழிப்பறைக்கும் பெயர் சொல்லி ஒதுக்கீடு. மூன்று சாவி: ஒன்று வார்டு அலுவலகத்தில், ஒன்று பயிற்சி நடத்துபவரிடம், ஒன்று தெருவாசிகள் ஏரியா சபையில், அதாவது வார்டின் பகுதிவாரிக் குடியிருப்போர் கூட்டத்தில், தேர்ந்தெடுத்த பெண்ணிடம். கூடம் திறக்கும் நேரத்தை வாசலில் பெயின்டால் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை