உளுந்துக்கு யார் தண்ணி ஊத்தினா?

நீடாமங்கலம்,
பங்குனி 8

அன்புள்ள ராஜிக்கு,

உன் பொங்கல் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நீ கோபித்துக்கொண்டால் நியாயம்தான். தை முதல் வாரத்தில் அம்மா கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆபரேஷன், பதினாறு நாள் ஆஸ்பத்திரி வாசம். இப்போது வீட்டில் படுக்கையில் இருக்கிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைக்கிறாள், அதற்கு மேல் முடியவில்லை. உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்தால் அழுதுவிடுவேன் என்றுதான் செய்யவில்லை.

மற்றபடி எல்லோரும் சௌக்கியம். தம்பி மகளுக்கு வரன் தகைந்துவிட்டது, ஆவணியில் கல்யாணம். சம்பா சுமார்தான், மழையில் சாய்ந்தது போக மிச்சம் வீடு வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். உன்னை இன்னும் "எட்டாம் வாய்ப்பாடு எப்படி இருக்கா?" என்றுதான் விசாரிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூத்துவிட்டது ராஜி! நீ கோத்தகிரியிலிருந்து அனுப்பிய அந்த விதை, மூன்றாவது வருஷம், ஒன்பது தொட்டியிலும் பூத்து நிற்கிறது. மஞ்சள், செம்பு நிறம், ஒன்றிரண்டில் கருஞ்சிவப்பு. பத்தாம் வகுப்பில் ஊட்டிக்குப் போனபோது நீ ஆசைப்பட்டு வாங்கி, திரும்பும்போது பஸ்ஸில் யாரோ ஒருவர் மடியில் விட்டுவிட்டு வந்தாயே, அதே பூ. இங்கிலீஷில் ஸ்ட்ராஃப்ளவர் என்பார்களே, அதை நீ பொட்டலத்தின் மேல் 'வாடாமலர்' என்று எழுதியிருந்தாய். இங்கே அப்படிச் சொன்னால் வாடாமல்லியா என்று கேட்கிறார்கள். காகிதப்பூ என்றால் வேலியோரத்துப் போகன்வில்லா. அதனால் அம்மா வைத்த பெயரே நிலைத்துவிட்டது: ஊட்டிப்பூ. அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா என்று சொல்லிப் பார்த்தேன், அவள் காதில் வாங்கவில்லை.

முதல் இரண்டு வருஷம் என்ன ஆனது என்று உனக்கு முழுதாக எழுதவே இல்லை. முதல் வருஷம் ஆடிப்பட்டம் என்று விதைத்துவிட்டேன். உன் ஊர் மலைச் சரிவில் பெய்கிற மழை அந்த நிமிஷமே ஓடிவிடும். நம் கொல்லை மண்ணைத்தான் உனக்குத் தெரியுமே, காய்ந்தால் கால் நுழைகிற வெடிப்பு, நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் களி. ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் தண்ணீர் கட்டி நின்றது. செடி மொத்தமும் போய்விட்டது. "தண்ணி தேங்கினா செத்துப்போயிடும்டி" என்று ஒரு வரி நீ எழுதியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டாவது வருஷம் கவனமாக இருந்தேன். மழை ஓய்கிற கார்த்திகைக் கடைசியில், தொட்டியில் விதைத்தேன். அடியில் உடைந்த ஓட்டுச் சில்லு, மேலே செம்மண்ணும் மணலும் நார்த்தூளும், கொஞ்சம் மக்கின சாணி எரு. விதையை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலாகத் தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டால் போதும். ஒரு வாரத்தில் முளைத்தது. மார்கழிக் குளிர் பிடித்துப்போய் நன்றாகவே வந்தது.

அப்புறம் அம்மா தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, நான் பள்ளிக்கூடம் போன பிறகு வெயில் அடிக்கிறதே என்று இன்னொன்று. மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று தெரிந்துகொள்ளாமல் காபி குடிக்காத வீட்டில் அறுபது வருஷம் வாழ்ந்தவள். 120 அடி நிரம்பியது என்று செய்தி வந்தால் சாமிக்கு விளக்கேற்றுகிறவள். அவளிடம் தண்ணீர் வேண்டாத செடி என்று சொன்னால் எப்படி நம்புவாள்? கீழ் இலைகள் மஞ்சளாயின. ஈர மண்ணிலேயே செடி துவண்டது. துவண்டதைப் பார்த்து இன்னும் ஒரு சொம்பு. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பாக இருந்தது, விரலால் உருவினால் தோல் வழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிச்சம். அழுகல் நாற்றம்.

அன்றைக்கு அம்மாவைக் கத்திவிட்டேன் ராஜி. "ஊத்தி ஊத்தியே கொன்னுட்டே" என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

இந்த வருஷமும் அதே கார்த்திகை, அதே மண் கலவை. ஆறு இலை விட்டதும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றி, செங்கல் மேல் தூக்கி வைத்தேன். நுனியைக் கிள்ளிவிட்டேன், பக்கக் கிளை வரட்டும் என்று. அம்மா மறுபடியும் சொம்போடு வளைய வந்தாள், இந்த முறை எனக்குத் தெரியாமல். அப்புறம் விழுந்தாள். பதினாறு நாள் வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தபோது தொட்டி மண் சுருங்கி ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளி. இலைகள் தொங்கிக் கிடந்தன. ஒரு தடவை நனைத்தேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஒன்பது செடியும் நிமிர்ந்து நின்றன. பன்னிரண்டில் மூன்றுதான் போயிருந்தது. மாசி பிறந்து பத்து நாளில் மொட்டு.

அம்மா நடக்க முடியாமல் கிடந்ததால் பூத்த பூ இது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். முதல் பூவைப் பார்த்ததும் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷம் கிணற்றடியில் கவிழ்ந்திருந்த அந்தச் சொம்பு கண்ணில் பட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பூவைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். "தண்ணி ஊத்தினியா?" என்றுதான் முதலில் கேட்டாள். வாரத்துக்கு இரண்டு தடவைதான், மேல் மண் காய்ந்த பிறகுதான் என்றேன். முகம் சுருங்கியது. அப்போது எனக்கு ஜன்னல் வழியாக எதிர் வயல் தெரிந்தது. "அம்மா, அங்க பாரு. தை அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி ஈரத்துல உளுந்து தெளிச்சாங்க. அப்புறம் அதுக்கு யார் தண்ணி ஊத்தினா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பனியிலயே வந்துடும்" என்றாள். "ஊட்டிப்பூவும் உளுந்து ஜாதியா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?" மூன்று வருஷமாக வேரழுகல் என்றும் வடிகால் என்றும் வறட்சி தாங்கும் என்றும் வகுப்பெடுத்த எனக்கு இந்த ஒரு சொல் தோன்றவில்லை பார்.

இப்போது ஒரு பூ அவள் தலைமாட்டில் தண்ணீர் இல்லாத டம்ளரில் இருக்கிறது. அதன் வேடிக்கையைச் சொல்கிறேன் கேள். இதழ் என்று நாம் நினைப்பது இதழே அல்ல, பூவடிச் செதில். நடுவில் மஞ்சளாக இருக்கிற பொடிப் பொடிப் பூக்கள்தான் நிஜப் பூ, சூரியகாந்திக் குடும்பம் இல்லையா! அந்தச் செதில்களின் செல்கள் செத்துக் காய்ந்தவை. ஆனாலும் காற்றில் ஈரம் ஏறினால் செதில் வளைந்து பூ மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். விடியற்காலைப் பனியில் மொட்டு மாதிரி குவிந்திருக்கும், பத்து மணிக்கு மலர்ந்திருக்கும். காய்ந்த பூவும் இதையே செய்கிறது. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், சில நிமிஷத்தில் மூடிக்கொண்டது. வெயிலில் வைத்தேன், விரிந்துவிட்டது. தொட்டால் சரசரவென்று பத்திரிகைத் தாள் மாதிரிச் சத்தம். அம்மா அதைக் கேட்பதற்காகவே அடிக்கடி தொடுகிறாள். போன செவ்வாய்க்கிழமை நல்ல வெயில், மூன்று மணிக்குக் கூப்பிட்டு, "பூ குவியுது, மொட்டமாடி வத்தலை எடு" என்றாள். எடுத்துவிட்டுக் கீழே வருவதற்குள் தூறல். உளுந்து அறுப்புக்கு வந்த நேரத்தில் மழையா என்று ஊரே கவலைப்பட்டது. அம்மாவுக்கு மட்டும் பெருமை.

படித்ததில் உனக்குப் பிடிக்கக்கூடியது ஒன்று. 1803இல் வென்டெனா என்ற பிரெஞ்சுக்காரர்தான் இதை முதலில் விவரித்து எழுதினார். நெப்போலியனின் மனைவி ஜோசபின், மால்மெய்சோன் தோட்டத்தில் உலகத்துச் செடிகளையெல்லாம் கொண்டுவந்து வளர்த்தாள் இல்லையா, அந்தத் தோட்டத்துச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் அவர். 1990இல் வைத்த இப்போதைய பெயர் சீரோக்ரைசம். கிரேக்கத்தில் 'காய்ந்த பொன்' என்கிற மாதிரி. எத்தனை பொருத்தம்!

உலர்த்துகிற விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கவில்லை. நீ சொன்னபடி முழுதாக விரிந்த பிறகு பறித்தால் நடுப்பகுதி பழுத்துக் கருத்துவிடுகிறது. வெளிச்சுற்றுச் செதில் இரண்டு மூன்று வரிசை திறந்து, நடு மூடியிருக்கும்போதே அறுக்கிறேன். காயும்போது மிச்சம் தானே விரிந்துவிடும். காம்பு தலையைத் தாங்காது, அதனால் பச்சையாக இருக்கும்போதே அடியில் மெல்லிய இரும்புக் கம்பி செருகுகிறேன். காயக் காயக் கம்பி துருப்பிடித்துப் பூவோடு ஒட்டிக்கொள்கிறது. பத்தாயம் இருக்கிற அறையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நெல்லுக்கு ஆகிற இருட்டும் உலர்வும் இதற்கும் ஆகிறது.

சித்திரை வெயிலை இந்தச் செடிகள் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. வெப்பத்தைவிட நம் பக்கத்துப் புழுக்கம்தான் கவலை. மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற மாதிரி தொட்டிகளை நகர்த்தப் போகிறேன். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளினால் மறுபடி மொட்டு விடுகிறது, ஆனால் இரண்டு செடியை மட்டும் விதைக்கு விட்டிருக்கிறேன். அதிலிருந்து ஒரு சிட்டிகை இந்த உறையில் வைத்திருக்கிறேன். மூன்றாவது வருஷம் திருப்பிக் கொடுக்கிற கடன் என்று வைத்துக்கொள்.

அம்மா உன்னிடம் பேச வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அப்போது பூ விரிந்திருக்கும், அவளும் தெளிவாக இருப்பாள். சத்தமாகப் பேசு, இடது காது சுத்தமாகப் போய்விட்டது.

உன்,
வசந்தா